கரி சுட்ட ஊரும் கணினி சுட்ட கதையும்

சென்ற ஆண்டு கடைசித் தவணையில் நமது பள்ளிக் கணினி அறையிலிருந்த பழைய மேசைக் கணினி ஒன்று உயிரை விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. காலையில் ஒழுங்காக ஓடும். பதினோரு மணி வெயில் ஏறியதும் விசிறி பேரிரைச்சல் போடும். பிறகு தானாகவே அணைந்துவிடும். தூக்கிப் போடுவதற்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கூப்பிட்டு அதைப் பிரித்துக் காட்டினேன். விசிறியைக் கழற்றி, கீழே இருந்த அலுமினியக் கட்டியைத் தூக்கி, காய்ந்து கிடந்த சாம்பல் நிறப் பசையைத் துணியால் துடைத்தோம். தீப்பெட்டியை விடச் சற்றுச் சிறிய உலோக மூடி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அதுதான் கணினியின் மூளை என்று சொல்லப்படும் செயலி. அதன் மேல் எறும்பு எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது.

ஒரு மாணவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, "சார், இதுல 'மலாய்'னு போட்டிருக்கு சார்!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற மாணவன், "2.4 கிகாஹெர்ட்ஸ் தெரியும் சார். கடைசியில 1.5 வி-ன்னு போட்டிருக்கே, அது என்னா சார்?" என்றான்.

இரண்டு கேள்விக்கும் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மணி அடித்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இந்த மலரில் எழுதுகிறேன். பெற்றோர்களும் படிக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் உங்களில் சிலருக்கும், உங்களைப் பெற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். மலாய் மொழியில் 'பாக்கார்' என்றால் சுடுதல், 'ஆராங்' என்றால் கரி. கரிக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். செயலி சிலிக்கனால் ஆனது. சிலிக்கன் மண்ணிலும் வெண்கல்லிலும் பிராணவாயுவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்க வேண்டுமானால் வெண்கல்லையும் கரியையும் சேர்த்து மின்சார உலையில் போட்டு ஏறத்தாழ 2,000 பாகை சூட்டில் உருக்க வேண்டும். கரி அந்தப் பிராணவாயுவை இழுத்துக்கொண்டு போய்விடும், சிலிக்கன் மிஞ்சும். சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுத்த பழங்கால இரும்பு உலைகளைப் பிள்ளைகள் சுற்றுலாவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே இரும்புக் கல்லுக்குக் கரி செய்த வேலையைத்தான் இங்கே வெண்கல்லுக்கும் செய்கிறது. ஆக, செயலி பிறப்பதே சூட்டில்தான். வளர்ந்த பின்பும் அந்தச் சூடு அதை விட்டபாடில்லை.

விளக்கு மின்சாரத்தைத் தின்று வெளிச்சம் கொடுக்கிறது. விசிறி காற்றைக் கொடுக்கிறது. செயலி எதைக் கொடுக்கிறது? கணக்கைக் கொடுக்கிறது; ஆனால் தின்ற மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஒரு வாட் தின்றால் ஒரு வாட் சூடு. ஆகவே செயலியின் சூட்டைக் குறைப்பதும் மின்செலவைக் குறைப்பதும் ஒரே வேலைதான்.

என் தாத்தா காலத்தில் பல தோட்டங்களில் லயத்துக்கு மின்சாரம் எஞ்சின் ரூமிலிருந்து வரும். பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு எஞ்சின் நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான். அப்படி அளந்து கொடுத்த மின்சாரத்தில் வளர்ந்தவர்களுக்கு 1946-இல் அமெரிக்காவில் மக்களுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்ற கணினியைப் பற்றிச் சொன்னால் மயக்கமே வந்துவிடும். ஏறத்தாழ 18,000 கண்ணாடிக் குழாய் வால்வுகள்; 150 கிலோவாட் மின்சாரம். நம் வகுப்பறைகளில் எரிகிறதே, நான்கடி நீளக் குழல் விளக்கு, அது 36 வாட். அப்படிப்பட்ட நாலாயிரம் விளக்குகளை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். அந்தக் கணினி செய்த கணக்கை இன்று பிள்ளைகள் கையிலுள்ள சாதாரணக் கைப்பேசி ஊதித் தள்ளிவிடும்.

1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதும் கண்ணாடிக் குழாய்களுக்கு வேலை போய்விட்டது. 1971-இல் இண்டெல் கம்பெனி 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கி, '4004' என்ற செயலியை வெளியிட்டது. அதற்கு ஒரு வாட் கூடத் தேவைப்படவில்லை. சூடு என்ற பேச்சே அப்போது எழவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1972-இல், அந்த இண்டெல் பினாங்குக்கு வந்தது. பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்த காலம் அது. முதலமைச்சர் லிம் சோங் இயூ வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு வழி தேடி வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்துக்கொண்டிருந்தார். இண்டெல், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று வரிசையாக வந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் போட்ட முதல் தொழிற்சாலை இந்தப் பினாங்குத் தொழிற்சாலைதான்.

வயல்காட்டு ஓரத்தில் எழுந்த அந்தக் கட்டடங்களுக்குள் யார் போனார்கள்? பள்ளிக்கூடம் முடித்த, முடிக்காத பெண்பிள்ளைகள். கம்பத்து மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அம்மா விடியற்காலை பெரட்டுக்குப் போய் மங்கு கழுவிய கை. மகள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்டிய கை. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது; 1996-இல் நம் கெடாவிலேயே கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா தொடங்கியது. சுங்கை பட்டாணியிலும், இதோ நம் பாக்கார் ஆராங்கிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கம்பெனி பஸ் லயத்து வாசலுக்கு வந்து நின்றது. இந்த உழைப்பைப் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த மாணவி படித்த 'மலாய்' என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். அது மொழியின் பெயரல்ல. 'மலேசியாவில் பொருத்திச் சோதிக்கப்பட்டது' என்பதன் சுருக்கம்.

இனி மாணவன் கேட்ட '1.5 வி'. அது வோல்ட். அதாவது மின்னழுத்தம்.

செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உண்டு. நாங்கள் பிரித்த அந்தப் பழைய பெண்டியம் 4-இல் 5.5 கோடி. ஒவ்வொன்றையும் ஒரு சின்னத் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அதில் நிரம்பும், வடியும். நிரம்பினால் ஒன்று, வடிந்தால் பூஜ்யம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் இந்தத் தாளம் விநாடிக்கு 240 கோடி தடவை. ஒவ்வொரு முறை நிரப்பி வடிக்கும்போதும் கொஞ்சம் சூடு.

லயத்துக் குளியல் தொட்டியைக் கிணற்று நீரால் நிரப்பியவர்களுக்கு மற்றதை நான் விளக்கவே வேண்டியதில்லை. தொட்டியின் முழு உயரத்துக்கும் நிரப்புவதற்குப் பதில் பாதி உயரம் நிரப்பினால் என்ன ஆகும்? நீரும் பாதி, நீரைத் தூக்க வேண்டிய உயரமும் பாதி. இரண்டு பாதி சேர்ந்து உழைப்பு கால் பங்காகிவிடும். வோல்ட் என்பது அந்த உயரம். வோல்ட்டைப் பாதியாக்கினால் மின்செலவு பாதியல்ல, கால். இந்த ஒரு கணக்கில்தான் செயலியின் சூட்டைத் தணிக்கும் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டு வேண்டுமா? 1993-இல் வந்த முதல் பெண்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. 66 மெகாஹெர்ட்ஸ் வேகம்; 16 வாட் வரை சூடு. அந்தக் காலத்தில் அது பெரிய சூடு. "காபி சுட வைக்கலாம்" என்று கேலி செய்தார்கள். மறு ஆண்டே 3.3 வோல்ட்டில் புதிய பெண்டியம் வந்தது. வேகம் 100 மெகாஹெர்ட்ஸாக ஏறியது. சூடோ பத்து வாட் அளவுக்கு இறங்கிவிட்டது. வேகம் கூடிச் சூடு குறைந்த அதிசயத்துக்குக் காரணம், டிரான்சிஸ்டர் சிறுத்ததும் வோல்ட் இறங்கியதும்தான்.

ஆனால் வோல்ட்டை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. அழுத்தம் குறைந்த குழாயில் தொட்டி நிரம்ப நேரமாகும் அல்லவா? செயலி மந்தமாகிவிடும். வேகமும் வேண்டும், சூடும் கூடாது என்றால் என்ன செய்வது?

இதற்கு வழி சொன்னவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். பெயர் அனந்த சந்திரகாசன். பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா போய், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1992 ஏப்ரலில், இன்னும் மாணவராக இருக்கும்போதே, சாமுவேல் ஷெங், பேராசிரியர் ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கையில் தூக்கிக்கொண்டு போகும் கருவிகள் பாட்டரியில் ஓட வேண்டுமே என்ற கவலையில் எழுந்த ஆராய்ச்சி அது.

அவர்கள் சொன்னதை நம் பால்மரக் காட்டு மொழியில் சொல்கிறேன். ஒரு நிரையை ஒரே ஆள் ஓட்டமாய் ஓடி வெட்டினால் மூச்சு வாங்கும், வேர்த்துக் கொட்டும். அதே நிரையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு நிதானமாக வெட்டினால் அதே நேரத்தில் வேலை முடியும், வேர்வையும் குறைவு. தோட்டத்தில் இரண்டு ஆளுக்கு இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டும், துரை சம்மதிக்கமாட்டார். சில்லில் இரண்டாவது ஆளுக்குக் கூலி கொஞ்சம் சிலிக்கன் இடம்தான். ஒரே வேலையைச் செய்யும் பகுதியை இரண்டாக வைத்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டினால், 5 வோல்ட்டை 2.9 ஆக இறக்க முடிகிறது. மின்செலவு 100-லிருந்து 36-க்கு வந்துவிடுகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிடித்த இடம் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டு வந்ததால் இடத்துக்குப் பஞ்சமில்லை. சந்திரகாசன் 1994 முதல் எம்.ஐ.டி.யில் ஆசிரியர். 2025-இல் அந்தக் கழகத்தின் கல்வித் தலைமைப் பொறுப்பான புரோவோஸ்ட் பதவிக்கு வந்தார்.

சொன்னார்களே தவிர, மேசைக் கணினி செய்தவர்கள் உடனே கேட்டுக்கொள்ளவில்லை. ஏன்? கடையில் கணினி வாங்கப் போன நாமும்தான் காரணம். "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்பதுதான் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி. எத்தனை வாட் என்று யார் கேட்டார்கள்? பெட்டியின் மேல் எழுதிய எண் பெரிதாக இருந்தால் விலை போனது. ஆகவே ஒற்றை ஆளையே சாட்டை போட்டு விரட்டினார்கள்.

66 மெகாஹெர்ட்ஸ் 2004-க்குள் 3,800 ஆயிற்று. ஏறத்தாழ 57 மடங்கு. வோல்ட் 5-லிருந்து 1.4 பக்கம் இறங்கியது. அதன் பலன் 13 மடங்குதான். போதாக்குறைக்கு டிரான்சிஸ்டர்களின் தொகையும் 31 இலட்சத்திலிருந்து 12.5 கோடியாகப் பெருகியது. வரவுக்கும் செலவுக்கும் எப்படிக் கட்டும்? 2001-இல் இண்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார்: இதே போக்கில் போனால் சில்லின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் எழும் சூடு அணு உலையின் அளவை எட்டும், பிறகு ராக்கெட் வாயை எட்டும், அதன்பின் சூரியனின் மேற்பரப்பையே எட்டும் என்று.

வோல்ட்டை மேலும் இறக்கினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் இன்னொரு வில்லங்கம். டிரான்சிஸ்டர் மிகவும் சிறுத்துவிட்டால் குழாயை இறுக மூடினாலும் சொட்டும். அணைத்து வைத்த நேரத்திலும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். வோல்ட்டோடு சேர்த்து மூடியின் இறுக்கத்தையும் குறைக்க வேண்டியிருப்பதால், இறக்க இறக்கக் கசிவு கூடும். 1 வோல்ட் பக்கம் வந்ததும் இறக்கம் ஏறக்குறைய நின்றுபோனது இதனால்தான்.

2004 நவம்பரில் வந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-இன் சூடு 115 வாட். அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் பொருளில் மூன்று குழல் விளக்கின் மின்சாரம். அந்த ஆண்டு மே மாதமே 'தேஜாஸ்' என்ற அடுத்த செயலியை இண்டெல் கைவிட்டது. நம் காதுக்குத் தேஜஸ் என்றே விழுகிற பெயர். தேஜஸ் கூடிப் போனதால் பிறக்காமலே போய்விட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் செயலியும் ரத்து. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது கம்பெனித் தலைவர் கிரேக் பாரட் ஆயிரக்கணக்கானோர் கூடிய மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத்தான். ஆனாலும் பத்தாண்டு ஓட்டம் அந்த மண்டியோடு முடிந்தது.

பிறகு நடந்ததுதான் 1992-லேயே சொன்னது. இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் மடிக்கணினிக்கென்று பாட்டரிச் சிக்கனத்தோடு செயலி வரைந்துகொண்டிருந்த குழுவின் வழியை மேசைக் கணினிக்கும் எடுத்துக்கொண்டார்கள். 2006 ஜூலையில் 'கோர் 2 டுவோ' வந்தது. ஒரே சில்லில் இரண்டு மூளை. வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று பார்வைக்குக் குறைவு, வேலையோ அதிகம், சூடு 65 வாட். வேலை இல்லாத நேரத்தில் வேகத்தையும் வோல்ட்டையும் தானே குறைத்துக்கொள்ளும் வழக்கம் 2000-இல் மடிக்கணினியில் தொடங்கியது. ஏ.எம்.டி.யின் மேசைச் செயலிகளுக்கு 2003-இல் வந்த அந்த வழக்கம், பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவாகிவிட்டது.

இதோடு சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் ஆசை யாரை விட்டது? 2022, 2023-இல் வந்த உயர்ந்த ரக மேசைச் செயலிகள் சில, முழு வேகத்தில் 253 வாட் வரை தின்றன. ஏழு குழல் விளக்கு! அந்த 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சில இடங்களில் நிலை தடுமாறிப் பழுதாயின. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம்தான் காரணம் என்று 2024 ஜூலையில் இண்டெல்லே அறிவித்தது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது.

நிற்க. நம் பள்ளிக்கு வருவோம். கணினி அறையில் மீதி இருக்கும் மேசைக் கணினிகளில் மின்சார அமைப்புப் பக்கத்தைத் திறந்து, செயலியின் உச்ச அளவு 100 என்றிருந்ததை 99 ஆக்கினோம். ஒன்றுதானே குறைந்தது என்று நினைக்கக் கூடாது. பல கணினிகளில் அந்த ஒன்றைக் குறைத்ததும் கூடுதல் வேக ஓட்டம் நின்றுவிடும். அந்தக் கடைசி ஓட்டத்துக்குத்தான் வோல்ட் மிகவும் ஏறுகிறது. பிள்ளைகள் எழுதும் கட்டுரைக்கும் கணிதப் பயிற்சிக்கும் வேகம் குறைந்ததாக யாருக்கும் தெரியவில்லை. விசிறிச் சத்தம் மட்டும் அடங்கிவிட்டது. சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் தூங்கும்படியும் வைத்தோம். குளிர்சாதனம் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு இதில் இரட்டை ஆதாயம். சூட்டை உண்டாக்க ஒரு பில், அதை விரட்ட இன்னொரு பில் என்று கட்டுகிறார்களே!

வோல்ட்டையே நேராக இறக்கும் வழியும் உண்டு. எந்த இரண்டு சில்லும் ஒன்று போல் இருப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தும்படி சீருடையைக் கொஞ்சம் தொளதொளவென்று தைப்பது போல, எல்லாச் சில்லுக்கும் போதும்படி கம்பெனி வோல்ட்டைச் சற்றுக் கூட்டியே வைத்துவிடுகிறது. நல்ல சில்லு அதைவிடக் குறைவிலும் ஓடும். ஆனால் இதை அறிந்தவர்கள், சிறுகச் சிறுக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் கணினி பாதியில் மயங்கி விழும். மாணவர்கள் வீட்டில் அப்பா அண்ணன் இல்லாத நேரத்தில் முயன்று பார்க்க வேண்டாம்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு மாணவரின் தாயாரிடம் பேசினேன். பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவர். சில்லு சோதிக்கும் பிரிவு. "அடுப்புல போட்டுத்தான் எடுப்போம் சார். சாதாரணமா ஓடுறதை விட சூட்டையும் ஏத்தி, வோல்ட்டையும் ஏத்தி வைப்பாங்க. தாங்குனது பாஸு, தாங்காதது ரிஜெக்ட். மணிக்கணக்கா அது வேகும். எங்களுக்கு மட்டும் உள்ளே ஜில்லுன்னு இருக்கும், ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் நிப்போம்" என்றார். அந்தச் சில்லு எங்கே போகிறது, எந்தக் கணினியில் ஏறுகிறது என்று அங்கே யாரும் அவருக்குச் சொன்னதில்லையாம்.

2024 ஆகஸ்டில் கூலிமில் இன்ஃபினியோன் கம்பெனி சிலிக்கன் கார்பைடு சில்லுத் தொழிற்சாலையின் முதல் பகுதியைத் திறந்தது. சிலிக்கனும் கரியும் சேர்ந்த பொருள் அது. செயலி செய்ய அல்ல. மின்சாரத்தை ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற்றும்போது வீணாகும் சூட்டைக் குறைப்பதற்கு. இந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் யாராவது அங்கே போவார்களா, போனால் நுண்ணோக்கி முன்னால் உட்காருவார்களா, வரைபட மேசையில் உட்காருவார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

பிரித்தெடுத்த அந்தப் பழைய செயலியை நூலக அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பூதக்கண்ணாடி ஒன்றும் உண்டு. பரிசளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர்கள் எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.